ஏழாவது காரணம்

— நாலாவது காரணம், எழுதும்மா. மாணவர்களிடம் சொந்தமாகச் சிந்திக்கும் பழக்கம் இல்லை.

— ‘பழக்கம் இல்லை.’ கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க சார்.

— மெதுவா எங்க? மணி அடிக்கிறதுக்குள்ள இது ஹெச்.எம். மேடம் மேஜையில இருக்கணும். வரலாற்றுல நாப்பத்திரண்டு பேர்ல முப்பத்தோரு பேர் ஏன் ஃபெயில்னு காரணம் கேட்டிருக்காங்க.

— ஏழு காரணம் கேட்டாங்களா சார்?

— காரணம்தான் கேட்டாங்க. ஏழுங்கிறது என் வழக்கம். எட்டு எழுதினா நம்பமாட்டாங்க.

— அந்த முப்பத்தோரு பேர்ல நானும் ஒருத்தி சார்.

— இருந்துட்டுப் போ. உன் கையெழுத்து பாஸ், அதான் உன்னைக் கூப்பிட்டேன். கீழ என் கையெழுத்தைப் போட்டு வச்சிருக்கேன் பாரு. அதுக்கு மேல இடம் பார்த்து நிரப்பு.

— பாடக்குறிப்பு நோட்டு மாதிரியே.

— அதேதான்.

— நேத்து அதுல ‘மாணவர்கள் ஆர்வத்துடன் வினா எழுப்பினர்’னு எழுதினேன். நேத்து நம்ம பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கிட்டாங்க.

— வினா எழுப்பினீங்களா இல்லையா?

— கணக்குல எழுப்பினோம்.

— அப்புறம் என்ன. அஞ்சாவது, மாணவர்கள் பாடநூலைத் திறந்தே பார்ப்பதில்லை.

— ‘பார்ப்பதில்லை.’ ஏன் சார் மேஜைக்கு அடியில குனியறீங்க?

— ஷூவைக் கழட்டுறேன். புதுசு, கடிக்குது. நீ எழுது.

— எழுதிட்டேன். சார், எட்டு மார்க் கேள்விக்கு எனக்கு முட்டை போட்டிருக்கீங்க. நாலு கிடைச்சிருந்தாக்கூடப் பாஸ். அடுத்த வருஷம் வரலாறு குரூப் எடுத்திருப்பேன். இப்போ தரமாட்டாங்களாம்.

— ‘மில் வேலைநிறுத்தம் தோற்றதற்கான காரணங்களை விளக்குக.’ கைடுல ஏழு. நீ எழுதினது ஒண்ணு.

— மூணு பக்கம் சார்.

— மூணு பக்கத்துக்கும் ஒரே காரணம். நான் எங்க டிக் போடுறது?

— நீங்கதானே சொன்னீங்க. கைடை மூடி வைங்க, வீட்டுல போய்ப் பெரியவங்களைக் கேளுங்க, அதுதான் வரலாறுன்னு.

— அது பள்ளி ஆய்வாளர் கடைசி பெஞ்சுல உக்கார்ந்திருந்த அன்னிக்குச் சொன்னது. மத்தவங்க எல்லாம் புரிஞ்சுக்கிட்டுக் கைடைப் படிச்சாங்க.

— அவங்களும் ஃபெயில்தானே சார்.

— ஏழு காரணத்தையும் வரிசை மாத்தி எழுதிட்டாங்க.

— நான் நம்பிட்டேன் சார். அன்னிக்குச் சாயங்காலமே அத்தையைக் கேட்டேன். அந்த மில் வாசலைப் பெருக்கினவங்க, வேலைநிறுத்தத்துல இருந்தவங்க. ‘பேச்சுவார்த்தைக்கு எட்டுத் தலைவருங்க உள்ள போனாங்க. போகும்போது எட்டுப் பேர் கால்லயும் செருப்பு, வரும்போது எட்டுப் பேர் கால்லயும் ஷூ. நாளைக்கு வேலைக்குப் போகணும்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு’ன்னாங்க. அதைத்தான் எழுதினேன்.

— நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கைடுல ஷூ இல்லம்மா. ஆறாவது, பிறர் எழுதியதை வரி மாறாமல் அப்படியே எழுதுகிறார்கள்.

— ‘அப்படியே எழுதுகிறார்கள்.’ சார், உங்களுக்கு அத்தை இருக்காங்களா?

— எனக்கா? அப்பா கூடப் பொறந்தது ஆறும் பசங்க. அம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்களே இல்ல. எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகல. அத்தைங்கிற பேச்சே கிடையாது. ஏன்?

— நேத்துத் தபால்ல ஆசிரியர் சங்க இதழ் வந்துச்சு. ஆபீஸ்லேர்ந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். பக்கம் பதினாலு. கட்டுரைப் போட்டி, முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய், உங்க போட்டோ. ‘என் அத்தை அந்த மில் வாசலைப் பெருக்கியவர்’னு ஆரம்பிக்குது.

— ம்.

— கமாகூட நான் வச்ச இடத்துலயே இருக்கு சார்.

— அது வந்தும்மா... நல்ல எழுத்து. பேப்பர் கட்டுக்குள்ளயே கிடந்து வீணாப் போகக்கூடாதேன்னு...

— விடைத்தாளை ரெண்டு மாசம் வச்சிருந்தீங்க. கிளாஸ்ல எல்லாரும் திட்டினாங்க. சார் ஒவ்வொரு வரியாப் படிச்சுத் திருத்துறாருன்னு நான் சண்டை போட்டேன்.

— இங்க பாரு, நாலு மார்க் போட்டுடறேன். சரி, எட்டே போட்டுடறேன். வரலாறு குரூப்புக்கு நானே சொல்றேன். அந்த இதழை இப்படிக் கொடு.

— அன்னிக்கு ஆய்வாளர் போனதும் நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க சார். எனக்காகத்தான் சொன்னீங்கன்னு நினைச்சேன்.

— வாயடிக்காத. ஏழாவது இன்னும் பாக்கி. மணி ஆகுது.

— ஏழாவது எழுதியாச்சு சார். சொந்தமா யோசிச்சதுதான். ‘இணைப்பைக் காண்க: சங்க இதழ், பக்கம் பதினாலு; விடைத்தாள் எண் இருபத்தாறு.’ அது என் பேப்பர். கீழ உங்க கையெழுத்து ஏற்கெனவே இருக்கு.

— ஏய், நில்லு. அதை எடுத்துக்கிட்டு எங்க போற?

— ஹெச்.எம். மேடம் ரூமுக்கு. அத்தை காலையிலேர்ந்து அங்கதான் உக்கார்ந்திருக்காங்க. நீங்க வெறுங்கால்ல ஓடி வராதீங்க சார். அந்தப் புது ஷூவை மாட்டிக்கிட்டு மெதுவா வாங்க, அவங்க பார்க்கணுமாம்.