துடக்கோடு போன கிறிஸ்மஸ் சந்தை

"இந்த முறை ஒண்டும் கொண்டு வராதை, தங்கச்சி," என்றார் நிசாந்தன் அண்ணை தொலைபேசியில்.

"ஒடியல் மாவாவது கொண்டு வாறன் அண்ணை."

"எனக்கு இப்ப வாயிலை ஒண்டும் ருசிக்கிறேல்லை. ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வா. அவனிட்டை ஒண்டு கேக்கோணும்."

"என்னட்டைச் சொல்லுங்கோ. நான் சொல்லிவிடுறன்."

அவர் சொன்னார். சின்ன விஷயம்தான், ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். அதை நான் என் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று ஒருபோதும் நினைத்ததில்லை. பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

உண்மையில், போனை வைத்ததும் எனக்குத் தோன்றிய முதல் எண்ணம், பெட்டியில் இடம் மிச்சம் என்பதுதான். என்னைப் பற்றி நீங்கள் அறிய வேண்டியதில் பாதி இதிலேயே இருக்கிறது.

நானும் இவரும் லண்டனில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறோம். இவர் என்றால் என் கணவர் சற்குணம். லண்டனுக்கு வர முன்னர் இவர் ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தவர். ஒரே அறை, ஒரே இரட்டைத் தட்டுக் கட்டில். மேலே இவர், கீழே நிசாந்தன் அண்ணை. அந்தக் கட்டிலைப் பற்றி நான் கேட்ட கதைகளை எழுதினால் எங்கள் கல்யாண வாழ்க்கையைப் பற்றி எழுதுவதைவிடப் பெரிய புத்தகமாகும். நான் அப்படிப் பொறாமைப்படுகிற ஆள் இல்லை. கட்டிலைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா?

ஒவ்வொரு மார்கழியும் அண்ணை வீட்டுக்குப் போவோம். நியூரம்பேர்க் நகரத்துக்கு வெளியே, மூன்றாம் மாடி. எங்கள் ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போகிறோம் என்றால், ஐரோப்பாவில் உள்ள வீடுகளுக்குப் போகிறோம் என்று அர்த்தம். பெட்டி நிறையக் கருவாடும் மிளகாய்த்தூளும் கொண்டு போவோம். அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்து ஆட்டிறைச்சிக் கறி சாப்பிடுவோம். திரும்பி வந்து ஜேர்மனி பார்த்தோம் என்போம். உலகமே படமெடுக்க வருகிற கிறிஸ்மஸ் சந்தையை நான் பார்த்தது ஓடுகிற காருக்குள் இருந்து. "கலா, அங்கை பார், லைட்," என்பார் இவர், வேகத்தைக் குறைக்காமலே. நான் தலையைத் திருப்புவதற்குள் சந்தை முடிந்து பெட்ரோல் ஸ்டேஷன் வந்துவிடும்.

எனக்கு ஆசை இருந்தது. கூம்புக் கூரை வீடுகள், கல் பாவிய தெரு, கடைகளில் தொங்கும் சின்னச் சின்ன விளக்குகள், அதற்கு நடுவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பிள்ளைகளுக்கு வாசித்துக் கொடுத்த கதைப் புத்தகங்களில் இருந்து எனக்குத் தொற்றிய நோய் அது. பிள்ளைகளுக்கு அது என்றோ மாறிவிட்டது. "என்னை ஒருக்காத் தனியாக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று இவரிடம் கேட்டிருக்கலாம்தானே என்பீர்கள். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது? அவருக்குத் தானாகத் தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். அவருக்குத் தோன்றவில்லை. ஆகவே நான் சின்னதாக ஒரு ஏற்பாடு செய்தேன்.

எங்கள் வீட்டில் தொலைபேசி என்னுடைய இலாகா. இவரிடம் போனைக் கொடுத்தால், "ஓம்... ஓம்... இந்தா கலா கதைக்கிறா," என்று திருப்பித் தந்துவிடுவார். அண்ணையும் அதே ரகம். நேரில் விடிய விடியக் கதைக்கிற இருவருக்கும் இடையில், லண்டனுக்கும் ஜேர்மனிக்கும் நடுவில், நான்தான் கம்பி. கம்பி நடுவில் மௌனமானால் இரண்டு பக்கமும் மற்றவர் மௌனமாகிவிட்டார் என்றே நினைப்பார்கள். இதை நான் முன்பே திட்டமிடவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

முதலில் அண்ணையிடம் சொன்னேன், இவருடைய சித்தப்பா வவுனியாவில் செத்துவிட்டார், எங்களுக்குத் துடக்கு என்று. துடக்குக்காரர், அதாவது சாவுத் தீட்டுள்ளவர்கள், முப்பத்தொன்றாம் நாள் முடியும்வரை பிறர் வீட்டுக்கும் போக மாட்டார்கள், கோயிலுக்கும் போக மாட்டார்கள். அண்ணை அங்கே முருகன் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், முறை பார்ப்பவர். அவரால் எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாது. "அவருக்குப் போன் எடுக்க வேண்டாம் அண்ணை, அழுதுபோடுவார்," என்றும் சேர்த்தேன். அந்தச் சித்தப்பா எப்போதோ செத்தவர். உயிரோடு இருக்கும் ஒருவரைக் கொல்ல எனக்கு மனம் வராது.

"சரி தங்கச்சி. முறை எண்டால் முறைதானே," என்றார் அண்ணை. குரல் மெலிந்திருந்தது. "தைப்பொங்கல் வரை தாக்குப்பிடிக்கலாம் எண்டு டொக்டர் சொல்லுறார். அதுக்குள்ளை முப்பத்தொண்டு முடிஞ்சிடும்தானே?"

முடிந்துவிடும் என்றேன். நான் கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். டொக்டரும் பார்த்திருப்பார் என்று நம்பினேன். பிழை எங்கே நடந்தது என்று பிற்பாடு யாராவது ஆராய்ந்தால், இந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

இவரிடம் வேறு மாதிரிச் சொன்னேன். "அண்ணை மகள் சாருஜாவோடை சுவிசுக்குப் போறாராம். இந்த முறை வர வேண்டாமாம்."

"வேண்டாமெண்டவனோ?"

"ஓம்."

இவர் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சப்பாத்தைத் திரும்பத் திரும்ப, முகம் தெரியும்வரை போட்டார். வருத்தத்தில் இருக்கும் மனிதரை எங்காவது கூட்டிப்போவது மனைவியின் கடமை. ஹோட்டலை நான் அதற்கு முந்தின கிழமையே பதிவு செய்திருந்தது வேறு விஷயம்.

பயணம் நன்றாக இருந்தது. இதை மறைத்தால் மற்றதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஜேர்மனியிலேயே, ரோதன்பேர்க்கில் சுவருக்குள்ளே ஒரு பழைய நகரம் இருக்கிறது, பொம்மைக்குக் கட்டின மாதிரி. வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் கோணலாக ஒரு மஞ்சள் வீடு. அதற்கு முன்னால் சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பியோடு, இடுப்பில் நாரிப்பிடிப்புக்குப் பூசிய எண்ணெய் மணக்க மணக்க நான் நின்றேன். "இன்னும் ஒண்டு எடுங்கோ, கண்ணை மூடிப்போட்டன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பின்னால் வரிசையில் நின்ற ஜப்பான் பெண்கள் சிரித்தார்கள். பனி உறைந்த இறக்கத்தில் இவர் என் கையைப் பிடித்தார். இறக்கம் முடிந்த பிறகும் விடவில்லை. கல்யாணமான காலத்தில்கூட இவர் தெருவில் கை பிடித்ததில்லை. தனிமைப்பட்ட மனிதர் கிடைத்த கையைப் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கை கைதானே.

"உனக்கு இவ்வளவு விருப்பமெண்டு எனக்குத் தெரியாது, கலா," என்றார். "கேட்டிருந்தால் எப்பவோ வந்திருப்பமே."

நான் சூடான பழரசத்தைக் குடித்தேன். நாக்கு வெந்துவிட்டது.

அடுத்த நாள் நியூரம்பேர்க் சந்தை. ஒரு கடையில் இவர் நெடுநேரம் நின்றார். மரத்தில் செய்த குட்டி மனிதன். வயிற்றுக்குள் சாம்பிராணி வைத்தால் வாயால் புகை விடுவான். "பார், நிசாந்தன் பல்கனியிலை நிண்டு சிகரெட் பத்துற மாதிரியே," என்று சொல்லி வாங்கினார். வரவேண்டாம் என்று சொன்ன ஆளுக்கு என்னத்துக்குச் சாமான் என்று கேட்டேன். "கோவம் எண்டு இல்லை. குடுக்கிறதுக்குக் குடுப்பம்," என்றார்.

நான் இதயமில்லாதவள் இல்லை. இவர் பொம்மையைப் பொதி செய்ய வரிசையில் நின்ற நேரம், சந்தை மூலைக்குப் போய் அண்ணைக்குப் போன் எடுத்து சுகம் விசாரித்தேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது.

"என்ன மணிச் சத்தம், தங்கச்சி?"

"கோயில் அண்ணை," என்றேன், யோசிக்காமல்.

"துடக்கோடை கோயிலுக்கோ?"

நான் போனைக் கையால் பொத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தன் ஊர்ச் சந்தையில் அடிக்கிற அந்த மணியை அவர் எத்தனை வருடம் கேட்டவர்.

"சரி," என்றார் அண்ணை. "வடிவாச் சுத்திப் பாத்திட்டுப் போங்கோ. குளிர், அவனைத் தலையை மூடச் சொல்லு."

அவருக்குக் கோபம் இல்லை என்று இதை நான் எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதால்தான் அன்று பின்னேரம் நிம்மதியாக இஞ்சி பிஸ்கட் வாங்க முடிந்தது.

திரும்பும்போது நிலக்கீழ் ரயில் மேடையில் இவர் நின்றுவிட்டார். "இந்த ரெயின்தான் அவன்ரை வீட்டடிக்குப் போறது. கடைசி ஸ்டேஷன். ஒருக்காப் போய்ப் பாப்பமே?"

"பூட்டின வீட்டைப் போய் என்னத்தைப் பாக்கிறது?"

"கதவைத்தான்."

நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போனது. அந்தப் பூட்டாத வீட்டில், ஹோலுக்குள் கட்டில் போட்டு, ஜன்னல் பக்கமாக அண்ணையைப் படுக்க வைத்திருந்தார்கள் என்று சாருஜா பிறகு சொன்னாள். வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் தலையணையில் எழும்பி இருப்பாராம்.

லண்டன் வந்து புதுவருடம் பிறக்கவில்லை, சாருஜா அழைத்தாள். அழுது முடித்துவிட்டுத்தான் எடுத்திருந்தாள். "அப்பா இண்டைக்குக் காலமை போயிட்டார், அன்ரி. வாற வெள்ளி எடுக்கிறம். என்னை விட்டால் அப்பாக்கு வேறை பிள்ளை இல்லை. ஆர் கொள்ளி வைக்கிறதெண்டு ஐயர் கேக்கிறார். அப்பா உங்களுக்கு ஏதும் சொன்னவரோ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன்.

வரிசையாகச் சொன்ன பொய்களில் இதைத்தான் நான் மிகச் சுலபமாகச் சொன்னேன்.

இப்போது காலைச் சாப்பாட்டு மேசையில் இவர் எனக்கு எதிரே இருக்கிறார். தேத்தண்ணீர் ஆறிவிட்டது. பொம்மையைப் பொதியிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அது வாயைத் திறந்தபடி என்னைப் பார்க்கிறது.

"நான் போகேல்லை," என்கிறார். "தனக்குச் சுகமில்லை எண்டுகூடச் சொல்லேல்லை. வர வேண்டாமெண்டவன். கூப்பிடாத வீட்டுக்கு எப்பிடிப் போறது? ஆராம் கொள்ளி வைக்கிறது?"

"ஐயர் ஆரையோ பாக்கிறாராம்."

"ஆரோ ஒருத்தனோ?" என்கிறார். "அந்த முகாமிலை குளிருக்கை என்ரை போர்வையிலை பாதி அவனுக்கு, அவன்ரை பாதி எனக்கு. ஆரோ ஒருத்தனோ வைக்கிறது?" பொம்மையை மேசையில் படுக்க வைக்கிறார். பிறகு நிமிர்த்தி வைக்கிறார்.

இவர் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. சப்பாத்தைத் தேய்த்த அதே கையால் மேசையைத் தேய்க்கிறார். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, இல்லாவிட்டால் எல்லாம் முடிந்து ஈஸ்டருக்குச் சொல்லலாம் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அவர் கையைப் பிடிக்கிறேன். இறக்கத்தில் அவர் பிடித்தாரே, அந்தக் கை.

"இஞ்சாருங்கோ," என்கிறேன். "நிசாந்தன் அண்ணை உங்களை வரச் சொன்னவர். தான் செத்தால் நீங்கள்தான் கொள்ளி வைக்கோணுமாம். உங்கடை முகத்தைப் பாத்துக் கேக்கோணும், ஆளை மட்டும் கூட்டிக்கொண்டு வா எண்டு என்னட்டைக் கேட்டவர்."