பட்டாளத்துக்காரருக்குத் தொட்டில்

ராத்திரி என்பதற்காக இப்படி ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். இது நடந்தது உச்சிவேளையில். அறுபத்து நாலாம் வருஷம், சித்திரை வெயில். ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற கரிசல் ரோடு... ஒரு காக்கை கிடையாது. யாரோ நடந்து வருகிற சத்தம் மட்டும். சரக்... சரக்... ரோட்டோரத்து ஒற்றை வீட்டு வாசலில் வந்து நின்றது. எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை.

அந்த வீட்டுக்காரி முத்துப்பேச்சி, நம்ம ஊர் சங்கரபாண்டியனுக்கு அத்தை. அவளுக்கு அந்தச் சத்தம் புதிதில்லை. அதோடு வருகிற வாடையும் புதிதில்லை. பச்சரிசிச் சோறும் எள்ளும்... பிண்டத்துக்குப் பிசைகிற வாடை.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கோட்டைச்சாமி சாகக் கிடந்தார். எழுபது வயது. முதல் உலகச் சண்டையில் ஈராக் பக்கம் பஸ்ரா போன பட்டாளத்துக்காரர். உழவு மாட்டுக்கே லெப்ட் ரைட் சொல்லிக் கொடுத்தவர் என்று ஊர் கேலி பேசும். பெண்டாட்டி பிள்ளை என்றால் உயிர். பென்சன் வாங்கின அன்று சாத்தூர் சேவு இல்லாமல் வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார்.

பஸ்ராவிலிருந்து முதலில் வந்தது அவர் செத்துப்போன சேதிதான். அழுது புரண்டு, பிண்டம் வைத்து, கருமாதி முடித்து, முத்துப்பேச்சியின் தாலியையும் அறுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து மனுஷர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறார்! ஊரில் குறி சொல்கிற கோடாங்கி குறுக்கே பாய்ந்தார்.

"கருமாதி முடிஞ்சவர அப்படியே உள்ள விடாதீக. தொட்டில் கட்டி, நாக்குல சீனித்தண்ணி வச்சு, காதுல பேரு சொல்லி, புதுசாப் பெத்த மாதிரி எடுக்கணும்."

சந்தோஷத்தில் யார் காதில் அது விழுந்தது? மறுதாலி கட்டி, குடும்பம் நடத்தி, நாலு பிள்ளை பெற்றார்கள்.

பலன் அப்புறம்தான் தெரிந்தது. அவருக்குக் காலரா கண்டது. வாசலில் சரக் சரக். அவர் பிழைத்தார், மூத்தவன் போனான். கிணற்றில் விழுந்தார். அவர் ஏறி வந்தார், மகள் போனாள். இருக்கன்குடிக்குப் போன பஸ் கவிழ்ந்தது. அவருக்கு ஒரு கீறல் இல்லை, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாவது மகன் சோற்றிலேயே சாய்ந்தான். கருமாதி முடிந்தவருக்கு மறுபடி சாவு ஏது? வந்தது வெறுங்கையோடு திரும்புமா? வீட்டில் இன்னொருவரை எடுத்துக்கொண்டு போனது.

மிச்சம் கடைசி மகன் காளிராஜ் ஒருவன். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு செய்கிற வெடி ஆபீசில் லோடு ஏற்றுகிற வேலை. சாத்தூர் டாக்டர் கைவிரித்த மறுநாள் காலையில் அவள்தான் அவனை விரட்டினாள்.

"மத்தியானம் வீட்டுல இருக்காதலே. ஆபீசுக்குப் போ. போலே!"

மூன்று சாவும் இந்தக் கூரைக்குக் கீழேதான் நடந்தன. வெளியே இருந்தால் பிள்ளை தப்பிப்பான் என்று நினைத்தாள்.

"லோடு ஏத்திட்டு வாரேன், ஆத்தா" என்று அவன் போனதும் உத்தரத்தில் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கினாள். கட்டில் மட்டத்துக்கு இறக்கி, கிழவரின் தலையையும் தோளையும் அதற்குள் வைத்தாள். நாக்கில் சீனித்தண்ணியைத் தொட்டு வைத்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்குப் பதிலா எம்புள்ளைக போனது போதும். பேரச் சொல்லு புள்ள. இந்தத் தடவ நான் போறேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம். சரக்... சரக்... வாசலில் நின்றது படியேறியது. வாடை வீட்டுக்குள் வந்துவிட்டது.

அவள் காதோரம் குனிந்தாள். மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய் திறந்தது... பேர் வரவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று ஒரு நாளும் சொல்லாத நாக்கு. யார் கேட்டாலும் மகன் பேரை வைத்து, அவனுக்கு அப்பன் என்று, "காளிராசு அய்யா" என்றுதான் சொல்லுவாள். இன்றைக்கு ஆயுளை முடிக்கத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவளுக்கு அவர் வேண்டும். பாவி மனசு, அனுப்ப மாட்டேன் என்றது. காலடி கட்டிலருகே வந்தது. பதற்றத்தில் பழகின வாய் பழகினதையே சொன்னது.

"காளிராசு... காளிராசு... காளிராசு..."

"அய்யா" மட்டும் தொண்டையில் நின்றுவிட்டது.

வாடை சட்டென்று போனது. காலடி வெளியே இறங்கியது. ரோட்டில் சரக்... சரக்... ஏழாயிரம்பண்ணைப் பக்கமாகப் போயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தத் திசையிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். வீட்டில் அடுக்குப்பானைகள் அதிர்ந்தன.

என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பின்னால் தொட்டில் கட்டின உத்தரம் கிறீச்... என்றது. திரும்பினாள்.

கிழவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நோயின் சுவடே இல்லை. அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆத்தா... லோடு ஏத்தியாச்சு. சோறு போடு."