மீட்டரில் அறுபது

குற்றவியல் நடுவர் அவர்கள் முன்னிலையில், 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24ஆம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் 11.20 மணிக்குப் பதிவு செய்யத் தொடங்கிய வாக்குமூலம்.

பெயர்: அந்தோணிராஜ். தந்தை பெயர்: சவரிமுத்து (காலமானார்). வயது: 53. தொழில்: மெக்கானிக். இருப்பிடம்: கருக்கு, அம்பத்தூர், சென்னை.

நான் மேற்படி இடத்தில் என் மனைவி ஆக்னஸுடன் வசித்து வருகிறேன். இந்த வாக்குமூலம் கொடுக்க எனக்குக் கட்டாயம் எதுவும் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே எதிராகவும் பயன்படலாம் என்றும் நடுவர் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். யோசிப்பதற்கு ஒரு மணி நேரம் கொடுத்து வெளியே உட்கார வைத்தார்கள். அறையில் போலீசார் யாரும் இல்லை. யோசித்த பிறகும் கொடுக்கவே விரும்புகிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் வாடகைக் கொட்டகையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பட்டறை நடத்தி வருகிறேன். கார்களின் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் வேலைகளை மட்டும் செய்வேன். கரையான்சாவடியில் வசிக்கும் அஸ்வின் என்பவர் தொழிற்பேட்டையில் வார்ப்படத் தொழிற்கூடம் வைத்திருக்கிறார், அந்த வகையில் எனக்குப் பழக்கம். அவரிடம் வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. ஆறு சிலிண்டர், இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம். அது அவருடைய மனைவி ஷோபனாவின் தகப்பனார் வைத்திருந்த வண்டி. தான் வண்டி ஓட்டக் கற்றதே அதில்தான் என்று ஷோபனாவே என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

கடந்த பிப்ரவரி 12ஆம் தேதி அஸ்வின் அந்த வண்டியோடு என் பட்டறைக்கு வந்து, மார்ச் 2ஆம் தேதி பழைய கார்கள் வைத்திருப்போர் சேர்ந்து பெங்களூருக்கு ரேலி போகிறார்கள் என்றும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் காது கிழியக் கத்துகிறது என்றும், அதற்கு வழி செய்ய வேண்டும் என்றும் கேட்டார். அதன் பிறகு நான் வண்டியைத் தூக்கி நிறுத்தி பின் ஆக்ஸிலைப் பார்த்தேன். அதில் இருந்தது முப்பத்தேழுக்கு ஒன்பது பல் போட்ட செட்.

இதை விளக்கிச் சொல்லும்படி நடுவர் அவர்கள் கேட்டதால் சொல்கிறேன். இஞ்சினிலிருந்து வரும் தண்டின் முனையில் உள்ள சிறிய பல்சக்கரம் பினியன். பின் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன். பினியனுக்கு ஒன்பது பல்லும் கிரவுனுக்கு முப்பத்தேழு பல்லும் இருந்தால், தண்டு நான்கு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அப்படியிருந்தால் வண்டி புறப்பட்டதும் பாயும், ஆனால் டாப் கியரில் நூறில் போக இஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்று சுற்ற வேண்டும். பினியனுக்குப் பதினான்கு பல்லும் கிரவுனுக்கு நாற்பத்து மூன்று பல்லும் இருந்தால், மூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினாலே போதும். பாய்ச்சல் குறையும், ஆனால் அதே நூறுக்கு இஞ்சின் இரண்டாயிரத்து அறுநூறு சுற்றுதான் சுற்றும், சத்தம் அடங்கிவிடும். அதே கம்பெனியின் வேறு மாடலில் அந்தப் பதினான்கு பல் செட் வரும். அது கிடைத்தால் இதிலேயே பொருந்தும் என்று நான்தான் அஸ்வினிடம் சொன்னேன்.

அதன் பிறகு அவர் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து அந்த செட்டை வரவழைத்து, பிப்ரவரி 22ஆம் தேதி என்னிடம் கொடுத்தார். நான் 26, 27 ஆகிய இரண்டு நாட்களில் அதை மாட்டினேன். மாட்டும்போது வழக்கம்போல் செல்போனில் படம் எடுத்து வைத்தேன். படங்களில் தேதி இருக்கிறது.

வேகம் காட்டும் மீட்டருக்குக் கேபிள் போவது கியர்பாக்ஸிலிருந்து. ஆக்ஸிலில் பல் மாறியது கியர்பாக்ஸுக்குத் தெரியாது. ஆகவே கேபிள் முனையில் உள்ள சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அது கைவசம் இல்லை. லேத்தில் வெட்ட ஒரு வாரம் ஆகும். நான் அஸ்வினிடம், "சார், மீட்டர் நாலுல ஒரு பங்கு கம்மியா காட்டும். அறுபதுன்னு காட்டுனா எம்பதுல போய்கினு கீறீங்கன்னு அர்த்தம்" என்று சொன்னேன். அவர், "ஓட்டப்போறது நான்தானே அண்ணே, மனசுலயே கூட்டிக்கிறேன். ரேலி முடிஞ்சதும் பழசையே மாட்டிடலாம்" என்றார். நான் ஒரு வெள்ளை டேப்பில் 60=80 என்று எழுதி மீட்டர் கண்ணாடியின் அடியில் ஒட்டினேன். ரேலிக்குப் போகும் வண்டியில் அசிங்கமாக இருக்கிறது என்று அவர் என் கண் முன்னாலேயே அதை உரித்தார். நான் தடுக்கவில்லை.

மேடத்துக்குத் தெரியுமா என்று கேட்டேன். அதற்கு அவர், "ஐயோ, வேணாம். அவங்க அப்பா வண்டியில ஒரு போல்ட்டு மாத்தினாலும் சண்டைக்கு வருவா. நீங்க வாயே தொறக்காதீங்க" என்றார். நான் சரி என்றேன்.

ரேலி முடிந்த பிறகு அவர் வண்டியை எடுத்து வரவில்லை. நான் இரண்டு முறை போன் செய்தேன். அடுத்த வாரம் என்றார்.

மார்ச் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஸ்வின் எனக்குப் போன் செய்து, ஷோபனா அந்த வண்டியை எடுத்துப் போய் ஆவடி–பூந்தமல்லி சாலையில் ஒருவரை இடித்துவிட்டார், ஆள் அங்கேயே போய்விட்டார் என்று சொன்னார். அன்று காலை வழக்கமான வண்டியை அஸ்வின் எடுத்துப் போய்விட்டதால், ஆவடியில் இருக்கும் தாயாரை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல ஷோபனா இந்த வண்டியை எடுத்திருக்கிறார். நேரம் 6.40. இறந்தவர் கஜபதி, வயது 46, பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், குவார்ட்டர்ஸில் இருந்தவர். பால் வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்திருக்கிறார்.

அன்று மாலை நான் அந்த இடத்துக்குப் போனேன். சாலையில் டயர் தேய்ந்த கோடு இருந்தது. அது எங்கே தொடங்குகிறது, மோதிய இடத்தைக் காட்டிப் போலீசார் போட்ட சுண்ணாம்பு வட்டம் வரை எவ்வளவு என்று டேப் வைத்து அளந்தேன். இருபத்தாறு மீட்டர் இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், கஜபதி கையிலிருந்த இரண்டு பால் பாக்கெட்டில் ஒன்று உடையவே இல்லை என்றும், அதை யார் எடுப்பது என்று தெரியாமல் மத்தியானம் வரை அங்கேயே கிடந்தது என்றும் சொன்னார்.

மறுநாள் குவார்ட்டர்ஸுக்கு இறுதிச் சடங்குக்குப் போனேன். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. இறந்தவரின் மனைவி வசந்தா, வந்தவர்களிடமெல்லாம், "அறுபதுல வந்தேன்னு சொல்றாளே, அறுபதுல வந்தா ஆளு இம்மாந்தூரம் போயி விழுவானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடமும் கேட்டார்.

சம்பவ இடத்தில் ஷோபனா தரையில் உட்கார்ந்து, "அறுபதுதான் இருந்துச்சு, நான் பார்த்தேன், அறுபதுதான்" என்று அழுததை யாரோ செல்போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். எனக்கும் மூன்று பேர் அனுப்பினார்கள். கடை கேமராவைப் பார்த்துப் போலீசார் எண்பதுக்கு மேல் என்று கணக்கிட்டதாக அதன் பிறகு தெரிந்தது. வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் நன்றாக இருப்பதாகச் சான்று கொடுத்தார்கள். அது உண்மைதான். ஆக்ஸிலைப் பிரித்துப் பல்லை எண்ணிப் பார்க்கச் சொல்லி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 22ஆம் தேதி சனிக்கிழமை, நீதிமன்ற உத்தரவின்படி வண்டி திரும்பக் கிடைத்ததும், அஸ்வின் அதை லாரியில் ஏற்றி என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். முன்பக்கம் நசுங்கியிருந்தது. பழைய செட்டை உடனே மாட்ட வேண்டும் என்றும், எடுக்கும் செட்டை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார். இது தப்பு சார், மேடம் மேல பழி நிக்கும் என்றேன். அவர், "அவ எப்படியும் கேஸ்ல இருக்கா. இது வெளிய வந்தா நீயும் வருவே, நானும் வருவேன். மூணு பேரு மாட்டணுமா?" என்றார். அதுவரை என்னை அண்ணே, நீங்க என்றுதான் பேசி வந்தார்.

நான் அன்றே பழைய செட்டை மாட்டினேன். பயந்துதான் மாட்டினேன். எடுத்த செட்டை உடைக்காமல் கோணியில் சுற்றி கம்ப்ரஸருக்குப் பின்னால் வைத்தேன். உடைத்துவிட்டதாக அவரிடம் பொய் சொன்னேன்.

ஏப்ரல் 15ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணி அளவில் ஷோபனா என் பட்டறைக்கு வந்தார். முன்பக்கம் தட்டிச் சரிசெய்யப்பட்ட அதே வண்டியில், ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். டிரைவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "அண்ணே, நான் பொய் சொல்லல. அறுபதுல இந்த வண்டி என்ன சத்தம் போடும்னு எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். மீட்டரும் அறுபது, சத்தமும் அறுபது. ஆனா இப்ப வரும்போது போன்ல வேகம் பார்த்துக்கிட்டே வந்தேன். மீட்டர் அறுபதுன்னா போனும் அறுபதுன்னுதான் காட்டுது. மீட்டர்ல தப்பில்ல. அப்ப என் புத்தியிலதான் தப்பு. அவரும் அதைத்தான் சொல்றாரு, டாக்டர்கிட்ட காட்டலாம்ங்கிறாரு. நான் வேகமா வந்தேன், பொய் சொன்னேன்னு கோர்ட்ல ஒத்துக்கப் போறேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். வண்டியில ஏதாவது இருந்துச்சா?" என்றார்.

நான் கம்ப்ரஸருக்குப் பின்னாலிருந்து கோணியை எடுத்து வந்து அவர் முன்னால் பிரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு பல் செட் இருந்தபோது மீட்டரில் அறுபது என்றால், இஞ்சினும் பழைய அறுபதில் சுற்றும் அதே அளவுதான் சுற்றும், சத்தமும் அதேதான், சாலையில் மட்டும் வண்டி எண்பதில் போகும் என்று சொன்னேன். நாலு சிலிண்டர் வண்டியாக இருந்தால் இழுக்க முடியாமல் திணறிக் காட்டிக் கொடுத்திருக்கும், இது ஆறு சிலிண்டர், இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை அதிகம், ஆகவே புறப்படும்போது கொஞ்சம் மந்தமாக இருந்திருக்கும், அவ்வளவுதான் என்றும் சொன்னேன். ஆமாம், மந்தமாகத்தான் இருந்தது, பெட்ரோல் சரியில்லை என்று கணவர் சொன்னார் என்றார்.

அதன் பிறகு அவர் கிரவுனின் பற்களை விரல் வைத்து எண்ணினார். ஒருமுறை எண்ணி, விட்டுப்போய், திரும்பவும் எண்ணினார். கையில் கிரீஸ் ஆகிவிட்டது. துடைக்கத் துணி கொடுத்தேன், வாங்கவில்லை. "அவருக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

பிறகு, "நான் நிஜமாவே அறுபதுல போயிருந்தா?" என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒருமுறை சொல்லாமல் இருந்ததற்கே இவ்வளவும் நடந்திருந்தது. அந்தச் சாலையை அளந்தவன் நான். எண்பதில் வரும் அந்த வண்டி, பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்பதற்கு முப்பத்தைந்து மீட்டர் வேண்டும். அறுபதில் வந்தால் இருபது மீட்டரில் நிற்கும். கஜபதி இடிபட்ட இடம் இருபத்தாறாவது மீட்டர். "ஆறு மீட்டர் முன்னாடியே நின்னுருக்கும்மா" என்றேன்.

அவர் வண்டியில் ஏறவில்லை. சாவியை ஆக்டிங் டிரைவரிடம் கொடுத்து, வண்டியை வீட்டில் விட்டுவிடும்படி சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போனார். அன்று முதல் அவர் ஆவடியில் தாயார் வீட்டில் இருப்பதாக அறிகிறேன்.

அன்று இரவு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆக்னஸ், "உன்னை உள்ள வெச்சுட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?" என்று அழுதார். காலையில் அவரே என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தார். பண்டிகை விடுமுறை முடிந்து 21ஆம் தேதி வக்கீல் மூலம் மனு கொடுத்தேன்.

மேற்படி பதினான்கு பல் செட்டையும், படங்கள் உள்ள என் செல்போனையும் இன்று ஒப்படைக்கிறேன். செட்டைத் தேர்ந்து சொன்னதும், மீட்டரைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே விட்டதும், பிறகு தடயத்தை மாற்றியதும் நானே. அதற்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்கிறேன். வண்டியை ஓட்டியது ஷோபனாதான், அதை நான் மறுக்கவில்லை. அவர் அறுபது என்று சொன்னது பொய் அல்ல.

இதில் எழுதியிருப்பவை யாவும் நான் சொன்னவை, நடந்தவை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது. கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)
ச. அந்தோணிராஜ்
24.04.2025, பிற்பகல் 1.05 மணி