சரவெடிமேல் அமர்ந்த அம்மையாருக்கு

போர்ப்பறை கேட்டுப் புலம்பெயர்ந்த பிஞ்சுகளின் பெருந்துணையே! போர்த்தவந்த பொன்னாடையையும் புரட்டிப் பார்த்த நுண்ணோக்கே! ஐயப்படுவதையே அறமாய்க் கொண்ட எங்கள் கள அலுவலர் இருதயமேரி அம்மையீர்! வணக்கம்.

மன்னார்புரத்தில் நம் சிறார் அரண் அமைப்பு தொடங்கிய நாள் முதல் தாங்கள் யாரையும் நம்பியதில்லை. அழும் குழந்தையின் படம் கேட்ட பத்திரிகைக்காரரை நம்பவில்லை. அதே படத்தைப் பதாகையில் போட விரும்பிய எங்களையும் நம்பவில்லை. நாங்கள் புண்பட்டோம். ஒருமுறைகூடத் தாங்கள் தவறாகச் சந்தேகப்படவில்லை என்பது பிறகு தெரிந்து, இன்னும் புண்பட்டோம்.

திருவரங்கத்து விழாவைச் சொல்லாமல் இம்மடல் நிறையாது. போரால் பாதிக்கப்பட்ட சிறாருக்கான விழிப்புணர்வு விழா அது. சூடானில் சண்டை மூண்டு, பெற்றோருடன் திருச்சிக்குத் திரும்பிய சிறுமி ஹஃப்ஸாவுக்கு எந்தப் பள்ளியும் இடம் தரவில்லை. மாற்றுச் சான்றிதழ் தரவேண்டிய பள்ளி அங்கே இடிந்து கிடந்தது. தனியார் பள்ளித் தாளாளர் ஒருவர், தம்மைச் சிறப்பு விருந்தினராக அழைத்தால் மேடையிலேயே இடம் அறிவிப்பதாகச் சொல்லியிருந்தார். நம் செயலாளர் ஹரிஹரசுதன் அவர்கள் நெகிழ்ந்தார்; நெகிழ்ந்த கையோடு காந்தி மார்க்கெட் பக்கம் போய் ஆளுயர மாலையும் பத்தாயிரம் வாலா சரவெடியும் வாங்கிவந்தார். ஒரு பெரிய மனிதரை வெடி போடாமல் வரவேற்க அவர் மனம் ஒப்பவில்லை.

மண்டப வாசலில் நீண்டு கிடந்த சரத்தைப் பார்த்துத் தாங்கள் கேட்டீர்கள்: "என்ன சார் இது?"

"வரவேற்புங்க, மேடம்."

"குண்டுச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த புள்ளைய உள்ள உக்கார வச்சிட்டு, வாசல்ல வெடியா?"

செயலாளருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் தாளாளரின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. வெடியில்லாவிட்டால் மனிதர் முகம் சுளிப்பார். சுளித்தால் சீட் போகும். பயம் ஒரு நிமிடம், படிப்பு ஆயுசுக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, ஊதுபத்தியோடு நின்றவருக்குக் கண் காட்டினார்.

தாங்கள் பட்டுப்புடவையோடு சரவெடியின்மேல் சம்மணமிட்டு அமர்ந்தீர்கள்.

"எந்திரிங்கம்மா! சீட் போயிடும்!"

"மைக்குல குடுக்கிற சீட் மைக்கோடயே போயிடும் சார். கொளுத்துறதுன்னா கொளுத்துங்க."

பத்திக்காரர் பத்தியை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். காரிலிருந்து இறங்கிய தாளாளர், "என்னங்க, எழவு வீடு மாதிரி இருக்கு?" என்றார். சுருக்கமாகப் பேசினார், அதற்கு அவை மனமாரக் கைதட்டியது. சீட் பற்றி வாயே திறக்கவில்லை. "இப்ப திருப்தியாம்மா?" என்று செயலாளர் தங்களிடம் கேட்டார்.

மறுநாள் காலை ஹஃப்ஸாவோடு அவரையும் இழுத்துக்கொண்டு அரசுப் பள்ளிக்குப் போனீர்கள்.

"டி.சி. இல்லாம எப்படிங்க?" என்றார் தலைமையாசிரியை.

"டி.சி. இல்லைன்னு புள்ளைய வெளிய நிறுத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்குங்க. சேர்க்கிற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்போம்."

மதியச் சாப்பாட்டு மணி அடிக்குமுன் ஹஃப்ஸா ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். மாலையும் மேடையும் யாருக்காக என்று ஹரிஹரசுதன் அவர்கள் முதன்முறையாகத் தம்மையே சந்தேகித்தார்.

அம்மையீர்! மருத்துவரையும் மாத்திரையையும் சந்தேகித்தபடியே, முழங்கால் வலியின்றி, மூச்சிரைப்பின்றி நெடுநாள் வாழ்க! தங்களைப் பாராட்டி இம்மடல் வாசிக்கும் இவ்விழாவில் பேசச் செயலாளர் முதலில் அழைத்தது ஹஃப்ஸாவைத்தான்.

"சாரி அங்கிள், ஸ்கூல்ல கணக்குப் பரீட்சை இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

இன்றும் தங்கள் சந்தேகத்துக்கு உரிய,
சிறார் அரண் அமைப்பின் செயலாளரும் அலுவலர்களும்,
திருச்சிராப்பள்ளி.