தொண்டை சுகமான கதை

மூதூர் லோஞ்சுப் படகில் எனக்கு முன்னால் இருந்த மீசைக்காரர், "நசீர், எனக்குத் தொண்டை சுகமாகிட்டுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார். பிறகு நான் எப்படிக் கேட்காமல் இருப்பது? துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை இறக்குபவர்களுக்கு அவர் போர்மன். நசீர் அவருக்குக் கீழே வேலை செய்பவர்.

"ஏன் அண்ணை, சந்தோசமான விசயம்தானே?"

"கத்த ஏலாமல், ஒவ்வொருத்தரிட்டையும் கிட்டப் போய் மெல்லமாச் சொன்ன இந்தக் கிழமைதான் ஒரு மூட்டையும் கிழியேல்ல. முந்தி எல்லாரையும் 'டேய்' எண்டுதான் கூப்பிட்டனான். காதுக்குக் கிட்டப் போய் 'டேய்' எண்டு சொல்ல வெட்கமாக் கிடந்தது. பேரைக் கேட்டு, 'நீங்கள்' எண்டு கதைக்கத் தொடங்கினன்."

"ஓம், என்ர பேரையும் அப்பதான் கேட்டனீங்கள். நாலு வருசத்துக்குப் பிறகு."

"அதுதான், இனியும் இப்படியே மெல்லமாச் சொல்லப் போறன்."

நசீர் சிரித்தார். "அண்ணை, நேற்று வெளிக்கிட்ட லோஞ்சை நிப்பாட்டச் சொல்லி நீங்கள் போட்ட சத்தம் எங்கட ஆக்கள் எல்லாருக்கும் கேட்டது."

"ஐயோ! இண்டைக்குக் காலமையும் எல்லாரும் கிட்ட வந்து காதைக் குடுத்துக் கேட்டவையே!"

"ஓம். எங்களுக்குத் தெரியுமெண்டு உங்களுக்குச் சொல்லுறதில்லையெண்டு பேசி வைச்சிருக்கிறம்."