உப்பிலி சார் குடை பிடித்த கடலை விதை

இந்த இரங்கல் கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் உழவர் மன்றத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் வேளாண்மைத் துறைப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உப்பிலி சாரின் துணைவியார் பர்வதம் அம்மா அவர்களே, அறுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே! ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர், நம் உப்பிலி சார் அவர்களுக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கிறோம். அவருக்குக் கீழே உதவி அலுவலராக வேலை பார்த்த ரேணுகா நான். அழுது பேசினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் சிரித்துத்தான் பேசப்போகிறேன்.

தொண்ணூறுகளில் நம் ஊர்ச் செம்மண்ணில் என்ன நிலைமை? மூட்டை மூட்டையாக உரம் போட்டோம். அதிலிருந்த மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, மண் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பயிர் வாடியது, நாம் இன்னொரு மூட்டை போட்டோம். அப்போது யார் வந்து சொன்னது? உப்பிலி சார் சொன்னார். "மண்ணுல கொட்டினதெல்லாம் அங்கேதான் இருக்கு. அதைக் கரைச்சுக் கொடுக்க பாக்டீரியா இருக்கு. கூட ராக் பாஸ்பேட் பாறைத்தூள் போடுங்கோ, போதும்" என்றார். யார் நம்பினார்கள்? அருணகிரி அண்ணன் ஒருவர்தான் நம்பினார். அந்தப் பட்டத்தில் டி.ஏ.பி. உர மூட்டை வாங்காமலே வேர்க்கடலை போட முன்வந்தார். விளையாவிட்டால் அந்த வருஷம் அவர் குடும்பம் என்ன செய்யும் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

விதைப்பருப்பில் கஞ்சி விட்டு, பாக்டீரியாப் பொடியைப் புரட்டி உலர்த்தச் சொல்லிவிட்டு வந்தோம். நம் ஊரில் உலர்த்துவது என்றால் எங்கே? உச்சி வெயிலில், தார் ரோட்டில்! அண்ணனும் அப்படியே பரப்பிவிட்டார். மொபெட்டில் வந்த சார் அதைப் பார்த்ததும் வண்டியைச் சாய்த்துவிட்டு ஓடி, கையிலிருந்த குடையை விரித்து விதைக்கு மேல் பிடித்தார். "அதெல்லாம் உசிரோட இருக்குய்யா! நிழல்லன்னு சொன்னேனே" என்றார்.

"நெழல்ல வச்சா அது இன்னா காயறது சார்?" என்றார் அண்ணன்.

திருக்கழுக்குன்றம் பஸ் நின்றது. "இன்னா அண்ணாத்த, கடலைக்கு ஜுரமா?" என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. சாரும் சிரித்தார். ஆனால் குடையை மடக்கவில்லை.

வெயில் பட்ட பொடி போனது போனதுதான். மழை ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அன்று பர்வதம் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தம்பி மகன் நிச்சயதார்த்தத்துக்குக் காத்திருந்தார். சார் செங்கல்பட்டுக்கு ஓடிப் புதுப் பொட்டலம் வாங்கிவந்து, மறுபடி புரட்டி, வேப்பமரத்தடியில் உலரவைத்து, விதைத்த பிறகுதான் வீட்டுக்குப் போனார். "விதைன்னா ஓடறேள், நிச்சயதார்த்தத்துக்கு மட்டும் நிழல்ல காய்ஞ்சிண்டே மெதுவா வாங்கோ" என்று அம்மா சொன்னார்களாம். சிரிக்காதீர்கள் அம்மா, நீங்கள் சொன்னதுதானே?

பறிப்பன்று ஊரே கூடியது. பக்கத்து நிலத்தில் டி.ஏ.பி. போட்ட கடலையையும் எடை போட்டோம். "கொஞ்சம் கூடவே வந்திருக்குன்னு சொல்லிடுங்க சார், அப்பதான் ஜனங்க நம்புவாங்க" என்று எங்களில் சிலர் அவர் காதில் சொன்னோம். உப்பிலி சார் என்ன செய்தார்? எல்லார் முன்னாலும் நின்று, "அதிகமெல்லாம் இல்லை. சமமாத்தான் வந்திருக்கு" என்றார். நாங்கள் அருணகிரி அண்ணனைப் பார்த்தோம்.

அருணகிரி அண்ணன் ஒரு கை கடலையை அள்ளிப் பார்த்தார். "மூட்டை வாங்காமலே சமமா வந்துகீதே, அது போதாதா? நீ பொய் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன் சார். அடுத்த பட்டம் மொத்த நெலத்துக்கும் நீயே வா" என்றார். அடுத்த பட்டம் ஊர் முழுக்க அவரைக் கூப்பிட்டது. எத்தனை அதிகாரிகளுக்கு இந்த மரியாதை கிடைக்கும்?

அன்பர்களே, கடைசி மாதங்களில் அவர் மனம் முழுவதும் நெம்மேலியில் இருந்தது. கடலோர மணலில் பாறைத்தூள் லேசில் கரையாது. மக்கிய எருவோடு சேர்த்துப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க அந்த ஊர் எல்லம்மாள் அக்காவின் நிலத்தில் ஓர் ஓரத்தைக் கேட்டு வைத்திருந்தார். விதைக்க அவர் இல்லை.

நாங்கள் விதைக்கப்போகிறோம். வரும் மழையிலேயே, அருணகிரி அண்ணனும் நானும், இங்கே இருக்கிறவர்களில் யார் யார் வருகிறீர்களோ அவர்களும். விளைந்தால் உங்களைக் கூப்பிட்டு எடை போட்டுக் காட்டுவோம். விளையவில்லை என்றால், அதையும் இதே மாதிரி மைக் பிடித்து, விளையவில்லை என்று சொல்லுவோம். உப்பிலி சாருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு இது.