பயப்படாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்தார்கள்

"எல்லாரும் பெஞ்சுக்கு அடியில போங்க! தலையக் குனிங்க!"

கத்துவது நான்தான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதலில் அடிவயிற்றில் இடிக்கிற சத்தம். பிறகு ஒரு நொடி எதுவுமே இல்லை. அப்புறம் கூரையில் கல். சடசடவென்று. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பிளந்து விழுகிறது. வெள்ளைத் தூசி. மூன்றாம் வகுப்பே இருமுகிறது.

முத்துமாரி மட்டும் இருமவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முட்டை போடும் நாள்.

திருச்சுழி தாண்டி, பரளச்சிப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடம். சுற்றிலும் மானாவாரிக் காடு. வடக்கே ஒரு மலை, அதை உடைக்கிற கல்குவாரி. எப்போது வெடி போடுவார்கள் என்று தெரியாது. பிள்ளைகள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் எழுதுவார்கள். வெடிக்கும் முன் சங்கு ஊதச் சொல்லிக் கேட்டோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வெடிக்கச் சொன்னோம். குவாரிக்காரர்கள் புத்தகப் பை கொடுத்தார்கள். பெயின்ட் கொடுத்தார்கள். சுவரில் முயல் வரைந்தார்கள். சங்கு வரவில்லை.

"கெடைச்சத வாங்கிக்குவோம் டீச்சர். அவுகளப் பகைச்சு இங்க இருக்க முடியுமா?" என்றார் தலைமையாசிரியர்.

முத்துமாரியைத் தூக்குகிறேன். தலை என் தோளில் நிற்கவில்லை. மிளகாய்க் காட்டிலிருந்து தாய்மார்கள் ஓடிவருகிறார்கள். முன்னால் சண்முகத்தாய். "எந்தப் புள்ளைக்கு டீச்சர்? எந்தப் புள்ளைக்கு?" அவள் என் தோளைப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. ஆட்டோ அருப்புக்கோட்டை போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

குவாரியை மூடினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புது ஷீட் வந்தது. அதே ஆஸ்பெஸ்டாஸ். கூடவே டவுனிலிருந்து ஓர் ஆலோசகர் மேடம் வந்தார். நல்ல பெண். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. சிரிக்கிற முகம், அழுகிற முகம், பயந்த முகம் போட்ட அட்டைகள் கொண்டுவந்தார். வகுப்பின் ஓரத்தில் பாய், தலையணை, பொம்மைகள். மேலே ஒரு பலகை: 'பாதுகாப்பு மூலை'. பயம் வந்தால் அங்கே போய் உட்கார வேண்டும். நெஞ்சில் கை வைத்து, "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொன்னார்கள்.

அப்போது ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்தது. எல்லாப் பிள்ளைகளும் பெஞ்சுக்கு அடியில். மூலைக்கு ஒன்றுகூடப் போகவில்லை.

ரிஸ்வானா மட்டும் தலையை நீட்டினாள். முத்துமாரிக்குப் பக்கத்தில் இருந்தவள். வலது கையில் கட்டு. "மேடம், அந்த மூலையில மட்டும் கல்லு விழாதா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வாசலில் சண்முகத்தாய் நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. "எம்புள்ள பயந்து சாகல மேடம். கல்லு விழுந்து செத்தா. இதுக பயத்தப் போக்கிறாதீக. பயந்தாத்தான் ஓடும்."

மேடம் அட்டைகளை எடுத்துப் பைக்குள் வைத்தார். பிறகு வரவே இல்லை.

குவாரி வேறு பெயரில் திறந்தது. மறுநாளே பிள்ளைகளைக் கண்மாய்க்கரை மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினேன். தாய்மார்கள் எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்தார்கள். அனுமதி இல்லாமல் வகுப்பை மாற்றியதாக மெமோ வந்தது. பிறகு நரிக்குடிப் பக்கம் மாறுதல். வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை ஒவ்வொருவராக வேனில் ஏற்றித் திருச்சுழிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வசதி இல்லாதவர்கள் படிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

போனவற்றைச் சொல்கிறேன். முத்துமாரி, எட்டு வயது. ரிஸ்வானாவின் வலது கையில் மூன்று விரல்கள். சண்முகத்தாய் திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் இல்லை என்று பள்ளிக்கூடத்தையும் பூட்டிவிட்டார்கள். பாதி மலை.

குவாரிக்கு எதுவும் போகவில்லை.